ராத்திரித் தண்டவாளத்துக்குக் கேனன் 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸ்

கேனன் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் (ஃபோகஸை ஸ்டெப்பிங் மோட்டார் நகர்த்தும் வகை) லென்ஸைப் பலரும் வாங்குவது அந்த 1.8-க்காகத்தான்: எஃப் எண் சிறுக்கச் சிறுக்க லென்ஸின் துவாரம் அகலும், வெளிச்சம் கூடும். இரவில் தண்டவாளம் எடுப்பவருக்கு அது அநேகமாக உதவாது. முழுதாகத் திறந்தால் ஓரத்துச் சிக்னல் விளக்குகள் சிறகு விரித்த ஈசல் மாதிரி இழுபட்டு விழும். எஃப் 4 தாண்டித்தான் அடங்கும். லென்ஸின் அருமை எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில் இருக்கிறது. துவாரத்தைச் சுருக்கும் தகடுகள் உள்ளே ஏழு என்பதால் ஒவ்வொரு விளக்கும் 14 கதிர் நட்சத்திரமாக விரியும். 1990-இல் வந்த முந்தைய மாடலில் ஐந்தே தகடு, பத்தே கதிர்.

ஃபோகஸில்தான் கவனம் வேண்டும். வளையம் மோட்டார் வழியாக வேலை செய்வதால், கேமரா ஆஃபில் இருந்தால் எவ்வளவு திருகினாலும் பயனில்லை. தூர அளவுகோல் கிடையாது. இன்ஃபினிட்டியில் (எல்லையில்லாத் தூரத்தில்) முட்டி நிற்கவும் செய்யாது. எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றி, லைவ் வியூவில் (பின்திரையில்) தூரத்துச் சிக்னலைப் பத்து மடங்கு பெரிதாக்கி, விளக்கு ஆகச் சிறிய புள்ளியாகும் வரை திருப்புங்கள். அப்புறம் வளையத்தைத் தொடவே கூடாது. யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். இருந்தால் சிவப்பு சிக்னலுக்கு எதிர்மூலையில் இன்னொரு போலிச் சிவப்பு விழும். தனியாக விற்கும் இஎஸ்-68 ஹூட் (பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் வளையம்) கட்டாயம் வேண்டும்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 8, 20 விநாடி, ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத கோப்பு), இரண்டு விநாடி டைமர்: இங்கே தொடங்கலாம். தண்டவாளத்தின் தலை சக்கரம் தேய்த்துப் பளபளப்பது. விளக்கு எதிரே இருந்தால்தான் மின்னும். முதுகுப்பக்கம் இருந்தால் கறுத்துவிடும். எதிரே வரும் இன்ஜினின் ஹெட்லைட் படத்தை வெளுத்துவிடும் என்பதால் விலகிப் போகும் ரயிலை எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டையாக நீளும், கடைசிப் பெட்டியின் சிமிட்டும் சிவப்பு விளக்கோ புள்ளி புள்ளியாக விழும். அது தனி அழகு.

நம் பக்கம் பெரிய எதிரி காற்று. ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையை அடுத்த போத்தனூர் பக்கம் ட்ரைபாடை நிற்கவே விடாது. நடுத்தண்டை உயர்த்தாமல், பையைக் கொக்கியில் மாட்டி, பை தரையை உரசும்படி விடுங்கள். அப்படியும் ஆடினால் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, மூன்றில் ஒரு விநாடி. ஓரம் கொஞ்சம் கெடும், தண்டவாளம் கூராக வரும். மேம்பாலத்தில் நின்று எடுத்தால், லாரி போனாலே பாலம் அதிரும். இடைவெளி பார்த்து ஷட்டரைத் திறக்க வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட். பாலத்திலிருந்து கம்பியோ குச்சியோ வெளியே நீட்டவே கூடாது. தண்டவாளத்தில் இறங்கினால் 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவில் இந்த லென்ஸுக்கு 80 எம்எம் லென்ஸின் குறுகிய பார்வை. ஈரோடு மாதிரி பல பாதைகள் பிரியும் ஜங்ஷனைத் தள்ளி நின்று, உயரத்திலிருந்து எடுக்க இதுதான் சரி. பிளாட்பார நுனியிலிருந்து எடுப்பவர்கள் இதை விட்டுவிட்டு 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் வாங்குங்கள்.