வீட்டுக்குள் சைக்கிள்: ஸ்விஃப்டா, மைவூஷா, ரூவியா?

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் அழகர்கோவில் சாலையில் காலை ஏழரைக்கே வெயில் முகத்தில் அறையும். சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் ஸ்மார்ட் ட்ரெய்னர் என்ற கருவியை நான் வாங்கியது அதனால்தான். பின்சக்கரத்தைக் கழற்றி வண்டியை அதில் மாட்டி, ஃபேனை முகத்துக்கு நேரே வைத்தாயிற்று. சரி, மிதிக்க மிதிக்கத் திரையில் சாலை ஓட ஒரு செயலி வேண்டுமே; ஸ்விஃப்ட், மைவூஷ், ரூவி மூன்றில் எது?

முதலில் மைவூஷ். அபுதாபியிலிருந்து வரும் இந்தச் செயலிக்குச் சந்தாவே கிடையாது. 2024-ல் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ-யின் சைக்கிளிங் ஈஸ்போர்ட்ஸ் (திரைவழிப் பந்தய) உலக சாம்பியன்ஷிப்பே இதில்தான் நடந்தது. பந்தயங்களில் ஜெயித்தால் பரிசுப் பணமும் உண்டு. ஆனால் பரிசை எட்டக்கூடிய கால்கள் வேறு, நம் கால்கள் வேறு. காசு கொடுக்காத இடத்துக்கு ஒரு வாரம் போகாவிட்டாலும் மனசு உறுத்துவதில்லை. எனக்கு அப்படித்தான் ஆனது.

ஸ்விஃப்டுக்கு மாதம் சுமார் 20 டாலர். நம் பணத்தில் 1,500 ரூபாய்க்கு மேல்; பலருக்கு இது பெரிய தொகைதான். ஆனாலும் ஆளைப் பிடித்து வைக்கும் வித்தை இதனிடம்தான் இருக்கிறது. ஓட்ட ஓட்ட லெவல் ஏறும், புதுச் சக்கரங்கள் கிடைக்கும். முகம் தெரியாத ஒருவர் போகிற போக்கில் 'ரைடு ஆன்' என்று ஒரு பாராட்டு கொடுப்பார், கால் தானாக வேகமெடுக்கும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு குறைவதுகூட உண்டு. செயலிக்குள் இருக்கும் 21 வளைவுகள் கொண்ட ஆல்ப் து ஸ்விஃப்ட் மலையை ஏறி முடித்தால், உச்சியில் ஒரு பரிசுச் சக்கரம் சுழலும். என்ன விழும் என்று தெரியாது. எல்லாவற்றையும்விட, திரையில் நாம் ஓட்டக் கிடைக்கும், ஒளிரும் அந்த 'ட்ரான்' வண்டி! அதைப் பெற மொத்தம் 50,000 மீட்டர் ஏற வேண்டும். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு 25 தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம். பாதி ஏறியவன் சந்தாவை நிறுத்துவானா?

ரூவி வேறு வகை. கார்ட்டூன் உலகம் இல்லை. நிஜச் சாலைகளின் வீடியோ, அதன் மேல் நம் உருவம். ஆல்ப்ஸ் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டே மிதிப்பது ஒரு சுகம். ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு இது போதும். கூட்டமாக ஓட்டும் உற்சாகம் எனக்கு இதில் கிடைக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு மாதம் மைவூஷில் ஓட்டிப் பாருங்கள். வாரம் மூன்று நாள் தவறாமல் ஏறி உட்கார்ந்தால் அதுவே போதும், செலவு வேண்டாம். ட்ரெய்னர் மேல் துணி காயத் தொடங்கினால் ஸ்விஃப்டுக்குக் காசு கட்டுங்கள். நான் கட்டிவிட்டேன். ட்ரானுக்கு இன்னும் 11,000 மீட்டர் பாக்கி.