வற்றம் பார்த்துப் போக வேண்டிய இடம்

வெப்பமண்டலக் கடற்கரையில் உப்பங்கழியை ஒட்டி அமைந்திருக்கும் அந்த இயற்கை மையத்துக்கு இரண்டு முறை போய்வந்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் முறை ஏமாற்றத்தோடு திரும்பினேன். இரண்டாம் முறையோ, மூடும் நேரமாகிவிட்டது என்று காவலர் வந்து சொல்லும் வரை மரப்பாலத்தை விட்டு நகர மனம் வரவில்லை. இரண்டு நாளுக்கும் இடையே வேறுபட்டிருந்தது கடல்நீரின் மட்டம் மட்டுமே.

முதல் முறை நாங்கள் போய்ச் சேர்ந்தது ஓதம், அதாவது கடல்நீர், முழுவதும் ஏறியிருந்த நேரம். அலையாத்திக் காட்டின் ஊடே செல்லும் மரப்பாலத்தின் இருபுறமும் கலங்கிய நீரையும் இலைகளையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. தகவல் பலகைகள் விவரித்த வேர்களும் நண்டுகளும் நீருக்கடியில் இருந்தன. பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. எனவே இன்று காலை 9 மணிக்கு உச்சத்தில் நிற்கும் நீர், நாளைக் காலை 9.50 வாக்கில்தான் அந்த நிலைக்கு வரும். மையம் திறக்கும் நேரத்தை வாசலில் பெரிதாக எழுதி வைத்திருப்பவர்கள், அன்றைய வற்றம், அதாவது நீர் மிகத் தாழ்ந்து நிற்கும் நிலை, எத்தனை மணிக்கு என்பதையும் அதன் கீழே எழுதி வைத்திருக்க வேண்டும். நுழைவுச்சீட்டு கொடுத்தவரும் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாம் முறை ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் நன்றாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். அன்று வழிகாட்டியாக வந்த பெண்மணி விரைந்து நடக்கவே இல்லை. சேற்றிலிருந்து பென்சில்களைப் போல நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நின்ற வெண்கண்டலின் மூச்சு வேர்களைக் காட்டி, நீர் ஊறிய சேற்றில் உயிர்வளி கிட்டாததால் அந்த மரம் வேர்களை மேல்நோக்கி அனுப்பிக் காற்றை வாங்கிக்கொள்கிறது என்று விளக்கினார். அதன் இலை ஒன்றை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார், உப்புக் கரித்தது. வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. பக்கத்திலேயே முட்டுவேர்களை ஊன்றி நிற்கும் சுரபுன்னை, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. ஒரே சேற்றில் நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே தொல்லையை வெவ்வேறு வழியில் சமாளிப்பதை அருகருகே பார்ப்பது, எந்தக் காட்சிக்கூடத்திலும் எனக்குக் கிடைக்காத அனுபவம். சுரபுன்னையின் கிளையில் ஒரு சாணுக்கும் மேல் நீண்டு தொங்கியவற்றைக் காய்கள் என்றே நினைத்திருந்தேன். அவை தாய்மரத்திலேயே முளைவிட்ட கன்றுகளாம்.

பாலத்தின் வளைவு ஒன்றில் அரை மணி நேரம் நின்று வயலின் என்ற இசைக்கருவியின் பெயரால் அழைக்கப்படும் ‘வயலின் நண்டு’களைப் பார்த்தோம். இவற்றில் ஆணுக்கு ஒரு கொடுக்கு சிறியது, மற்றொன்று மிகப் பெரியது. ஆண் நண்டு சிறிய கொடுக்கால் சேற்றை அள்ளி வாயில் வைத்து, உண்ணத்தக்கதைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறு உருண்டையாக்கிக் கீழே போடுகிறது. பெருத்த கொடுக்கு உண்பதற்கு உதவாது. பெண் நண்டை அழைக்கவும் எதிரியை விரட்டவுமே அதை உயர்த்தி உயர்த்தி அசைக்கிறது.

கடலாமை முட்டைகளைக் காக்கும் பொரிப்பகத்தையும் தவறாமல் பாருங்கள். முட்டைகள் இருக்கும் மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசில் இரண்டும் கலந்து பிறக்கும் என்றும், மணல் அதைவிடச் சூடேறினால் பெண் குஞ்சுகளே மிகும் என்றும் அங்கே சொன்னார்கள். கூடுகளின் மேல் கட்டியிருந்த நிழல் வலை எதற்காக என்பது அதன் பிறகே எனக்குப் புரிந்தது.

எனக்குப் பெரிதும் வருத்தம் தந்தது, கடலுயிர்களைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் தொட்டி. வெயில் களிம்பு பூசிய கையைக் கழுவாமலே பலர் நீருக்குள் விட்டார்கள். படம் எடுப்பதற்காக நட்சத்திர மீனை நீரிலிருந்து தூக்கிப் பிடித்தபோதும் தடுக்க ஆளில்லை. நட்சத்திர மீன் மூச்சுவிடுவதற்கு நீர் வேண்டும். தொட்டியருகே எப்போதும் ஒரு பணியாளரை நிறுத்த முடியாவிட்டால், அதை மூடிவிடுவதே நல்லது.

மரப்பாலம் சில இடங்களில் பாசி படிந்து வழுக்குகிறது. பிடிப்புள்ள காலணி அவசியம். கொசு உண்டு, எனவே முழுக்கைச் சட்டை அணிவது நல்லது. வழிகாட்டியோடு செல்லும் நடை ஒரு நாளில் இரண்டு முறைதான் நடக்கிறது என்பதால், வற்றத்துக்கு நெருக்கமாக வரும் நடைக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். அது முடிந்தவுடன் கிளம்பிவிடாமல் நீர் திரும்பி ஏறும் வரை பாலத்திலேயே காத்திருந்தால், நண்டுகள் வளைக்குள் இறங்கிச் சேற்றால் வாயை அடைத்துக்கொள்வதையும் பார்க்கலாம்.