சீன மாணவர்களோடு சி.இ.டி. பழைய வினாத்தாள்கள்: சில ஆண்டு அனுபவம்

சீனப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் ஆங்கிலப் பயிற்சி பெரும்பாலும் இரண்டு பொருள்களில் அடங்கிவிடும்: சி.இ.டி. எனும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் பழைய வினாத்தாள் கட்டு ஒன்று, கைப்பேசியில் சொல் மனப்பாடச் செயலி ஒன்று. வூஹானில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான், இளைய மாணவர்களோடு உட்கார்ந்து இவ்விரண்டையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டு, கொடுத்த காசுக்குத் தகும். ஆனால் எல்லோரும் பயன்படுத்துகிற விதத்தில் பயன்படுத்தினால் பாதிப் பயன்தான் கிடைக்கும். செயலி அந்தக் கட்டுக்கு வேலையாளாக இருக்கும்வரை நல்லது.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். சி.இ.டி. 1987 முதல் நடக்கிறது. அதன் இரண்டு நிலைகளையும் மாணவர்கள் 'நான்காம் நிலை', 'ஆறாம் நிலை' என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். மொத்தம் 710 மதிப்பெண். சான்றிதழில் 'தேர்ச்சி' என்று அச்சடிப்பதில்லை. ஆனால் நான்காம் நிலையில் 425 எடுத்தால்தான் ஆறாம் நிலை எழுத முடியும் என்பதால், அந்த எண்ணைத் தாண்டுவதே எல்லோருக்கும் தேர்ச்சி.

வாசிப்புப் பகுதிக்கு 40 நிமிடம். முதலில், பத்து இடம் விட்ட பத்தி. கொடுத்த பதினைந்து சொற்களிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். அடுத்து, நீளமான கட்டுரை. பத்து வாக்கியங்கள் எந்தெந்தப் பத்தியைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள். கடைசிப் பகுதியில் ஒரு கேள்வியின் மதிப்பு 14.2. முதல் பகுதியில் ஓர் இடத்துக்கு 3.55 மட்டுமே. ஆகவே பயிற்சி மையங்களும் மூத்த மாணவர்களும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: கடைசிக் கட்டுரைகளை முதலில் முடி, நேரம் மிஞ்சினால் இடம் நிரப்பு, மிஞ்சாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது குறி.

தேர்வுக் கூடத்தில் இது சரியான கணக்கு. வீட்டுப் பயிற்சியிலும் இதையே பின்பற்றுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மதிப்பெண்ணில் மலிவான அந்தப் பத்து இடங்கள்தான் கட்டிலேயே சிறந்த இலக்கணப் பயிற்சி என்பது என் கருத்து. சீன வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப மாறாது. நேற்றும் இன்றும் நாளையும் வினை ஒரே வடிவில் நிற்கும்; காலத்தைப் பக்கத்துச் சொற்கள் காட்டும். அந்த மொழியில் வளர்ந்த கண்ணுக்கு ஆங்கில வினையின் வால் எளிதில் படாது. இடம் நிரப்பும் பகுதியில் அந்த வாலைப் பார்க்காமல் விடை வராது. பதினைந்து சொற்களையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பிரித்துக்கொண்டு, காலியிடத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தால், பொருள் தெரியாத சொல்லைக்கூடச் சரியான இடத்தில் வைக்கலாம். சொல்வளச் சோதனை என்று பெயர், உள்ளே இருப்பது இலக்கணம்.

நீண்ட வாக்கியங்களில் நமக்கும் அவர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கட்டிலுள்ள எந்த விளக்கத்தைவிடவும் எனக்கு உதவியது அதுதான். 'நேற்று நான் வாங்கிய புத்தகம்' என்று நாம் சொல்கிறோம். சீனத்திலும் நேற்று, நான், வாங்கிய, புத்தகம் என்று அதே வரிசை. நம் பெயரெச்சத்தின் வேலையை அங்கே 'த' என்ற ஒரு சிறு அசை பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலமோ புத்தகத்தை முதலில் வைத்து, வாங்கிய கதையைப் பின்னால் இழுத்துவரும். கதை நீண்டுவிட்டால், அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று என்று சொல்லும் முதன்மை வினை மூன்று வரி தள்ளிப் போய்விடும். வாக்கியம் நழுவுவது அங்கேதான். இப்போது நாங்கள் செய்வது இது: எழுவாயையும் முதன்மை வினையையும் பென்சிலால் வட்டமிடுவது, நடுவில் இருப்பதைத் தூக்கிப் பெயருக்கு முன்னால் வைத்துச் சீனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. என் சீனம் அரைகுறைதான். ஆனாலும் வரிசை எனக்குத் தாய்மொழி வரிசை என்பதால் அவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

சீனத்தில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலி என்பதால், ஆங்கிலம் பேசும்போது பேராசிரியர் ஒரு வாக்கியத்தில் ஆணாகவும் அடுத்ததில் பெண்ணாகவும் ஆகிவிடுவார். நம் 'அவர்' செய்வதும் அதுதான் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். இதைத் திருத்த எந்தக் கட்டும் உதவாது. வாய்விட்டுப் பேசினால்தான் உண்டு.

செயலிக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சுதான். ஒரு சொல், நான்கு பொருள்கள், சரியானதைத் தொட வேண்டும். மறக்கும் தறுவாயில் அதே சொல் திரும்ப வரும். நினைவில் நிறுத்துவதற்கு இந்த இடைவெளி முறை உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் அது சோதிப்பது அடையாளம் காணும் திறனை மட்டுமே. 'அட்ரஸ்' என்றால் முகவரி என்று நொடியில் தொடும் மாணவர், ஒரு சிக்கலை 'அட்ரஸ்' செய்வதாக, அதாவது தீர்க்க முற்படுவதாக, கட்டுரையில் வந்ததும் திகைத்து நிற்கிறார். தெரிந்த சொல்லின் தெரியாத பொருளில் வலை விரிப்பது இந்தத் தேர்வின் வழக்கம். அதனால் செயலி தரும் பட்டியலை விட்டுவிட்டு, பழைய வினாத்தாள்களில் சந்தித்த சொற்களை மட்டும், அவை வந்த வாக்கியத்தோடு, சொந்தப் பட்டியலாக ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன். தினமும் எண்ணிக்கையைக் காட்டி நண்பர்களிடம் பெருமையடிக்கும் இன்பம் இதில் குறைவு. அதற்காகவே பாதிப் பேர் பழைய பட்டியலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மாணவர்களுக்கென்று சைனா டெய்லி நிறுவனம் வெளியிடும் ஆங்கில வார இதழையும் முயன்றோம். நல்ல இதழ். தேர்வு நெருங்கினால் யாரும் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

கட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கியதில் விடை நூல் வினாத்தாளைவிடப் பலமடங்கு தடிமன். கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்திலேயே சீன மொழிபெயர்ப்பு. கண் அங்கேதான் ஓடும், ஆங்கிலம் அலங்காரமாக நிற்கும். தவறான விடைகளுக்கு 'கட்டுரையில் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மாணவர் விழுவதோ அந்தத் தவறான விடையில்தான். கட்டுரையின் சொற்களை அப்படியே தூக்கி வைத்திருக்கும் விடை பெரும்பாலும் பொறி. சரியான விடை வேறு சொற்களில் இருக்கும். இதை விளக்க அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கலாம். மொழிபெயர்ப்புப் பக்கங்களை நாங்கள் கவ்வியால் சேர்த்து மூடிவிடுகிறோம். தன் விடை ஏன் தவறு என்று மாணவர் வாயால் சொன்ன பிறகுதான் கவ்வி கழலும். ஒரு தாளுக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. நாளுக்கு ஒரு தாள் தேய்த்துத் தள்ளும் அறைத்தோழர்களைப் பார்த்து, தொடங்கும்போது எல்லோருக்கும் பதற்றம் வருகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: 'மாதிரி வினாத்தாள்' என்று விற்பவை வேண்டாம், அசல் பழைய தாள்களே போதும். ஒவ்வொரு தேர்வுக்கும் வழக்கமாக மூன்று தாள்கள் இருப்பதால் தட்டுப்பாடே இல்லை. புதிய பதிப்புக்கும் அவசரப்பட வேண்டாம். 2013 டிசம்பரில் தேர்வின் அமைப்பு மாறியது, 2016 ஜூனில் கேட்டல் பகுதி மாறியது. வாசிப்புக்கு மட்டும் என்றால் 2013 டிசம்பருக்குப் பின் வந்த எந்தப் பழைய கட்டும் பயன்படும். ஜூனில் பட்டம் முடித்துப் போகிறவர்கள் வளாகத்துக்குள்ளேயே தரையில் புத்தகங்களைப் பரப்பி விற்பார்கள், சில யுவானுக்குக் கிடைத்துவிடும். விடைகள் பேனாவால் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பென்சில் என்றால் பேரம் பேசலாம்.