பெரெய்ரா சகோதரர்கள்: 1383இல் யார் எடுத்த முடிவு சரி?

1383 அக்டோபர் 22 அன்று போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஃபெர்னாந்து ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். உயிரோடு இருந்த ஒரே மகள் பியாத்ரிஸுக்குப் பத்து வயது. அந்த ஆண்டு மே மாதம்தான் அவளை அண்டை நாடான காஸ்திலின் மன்னர் முதலாம் ஹுவானுக்கு மணம் முடித்திருந்தார்கள். சில மாதங்களுக்குள் நாட்டின் ஒவ்வொரு பிரபுவும் யாருக்கு விசுவாசம் காட்டுவது என்று முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

வென்றவர்களை நாட்டுப்பற்றாளர்கள் என்றும் தோற்றவர்களைத் துரோகிகள் என்றும் பிரித்துவிடுவது எளிது. அந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. பெத்ரோ ஆல்வரெஸ் பெரெய்ரா, நுனோ ஆல்வரெஸ் பெரெய்ரா என்ற இரு சகோதரர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஹாஸ்பிடலர் வீரத்துறவிகள் சபையின் போர்ச்சுகல் தலைவராக இருந்த ஆல்வரோ கொன்சால்வெஸ் பெரெய்ராவின் மக்கள் அவர்கள். தந்தைக்குப் பின் அந்தப் பதவி பெத்ரோவுக்குப் போனது. நுனோவுக்கு அப்போது வயது 23. கையில் பெரிய பதவி எதுவும் கிடையாது.

பெத்ரோ தேர்ந்தது பியாத்ரிஸின் பக்கம். சட்டப்படி பார்த்தால் அதைவிட வலுவான தரப்பு இல்லை. 1383 ஏப்ரலில் சல்வதெர்ராவில் கையெழுத்தான திருமண ஒப்பந்தம் அவளை வாரிசாக ஏற்றிருந்தது. பிரபுக்கள் அதற்குச் சத்தியமும் செய்திருந்தார்கள். இரு நாடுகளும் தனித்தனியாகவே இருக்க வேண்டும், பியாத்ரிஸுக்குப் பிறக்கும் குழந்தைக்கு 14 வயதாகும் வரை அவளுடைய தாய் லியோனோர் தெலெஸ் ஆட்சியைக் கவனிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. கோட்டைகளையும் சபையின் வருமானத்தையும் கையில் வைத்திருந்த ஒருவர் கொடுத்த வாக்கைக் காப்பதில் வியப்பில்லை.

அந்தத் தரப்பின் பலவீனம் பியாத்ரிஸின் கணவர். ஹுவான் பொறுத்திருக்கவில்லை. படையோடு எல்லையைத் தாண்டி வந்து, 1384 ஜனவரியில் சாந்தரேமில் லியோனோரிடமிருந்து ஆட்சிப் பொறுப்பைத் தாமே வாங்கிக்கொண்டார். பிறகு அவரையே காஸ்திலின் தொர்தெசியாஸில் இருந்த கன்னிமாடத்துக்கு அனுப்பிவிட்டார். என் பார்வையில் பிரபுக்களைக் கட்டிய சத்தியம் அன்றே தளர்ந்துவிட்டது. ஒப்பந்தத்தின் பெயரால் வந்தவரே அதை மீறிய பிறகு, அதற்காக யார் உயிரைக் கொடுக்க வேண்டும்?

இரண்டாவது வழியை விரைவாகக் கடந்துவிடலாம். முந்தைய மன்னர் முதலாம் பெத்ரோவுக்கும் இனெஸ் தெ காஸ்த்ரோவுக்கும் பிறந்த இளவரசர் ஜுவாவ் அது. அவர்களுடைய ரகசியத் திருமணம் உண்மையானால் அவர் முறையான வாரிசு. ஆனால் அவரைக் காஸ்தில் மன்னர் சிறையில் போட்டுவிட்டார். சிறையில் இருப்பவருக்குப் பின்னால் படை திரட்ட முடியாது.

நுனோ தேர்ந்தது மூன்றாவது வழியை. அதே முதலாம் பெத்ரோவுக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த இன்னொரு ஜுவாவ், அவிஸ் வீரத்துறவிகள் சபையின் தலைவர். சட்டத்தின் கண்ணில் மூவரில் மிகவும் பின்தங்கியவர். அவருடைய எழுச்சி தொடங்கியதும் கொலையில்தான்: 1383 டிசம்பர் 6 அன்று, லியோனோரின் அந்தரங்கத் துணையாகக் கருதப்பட்ட அந்தெய்ரோவை லிஸ்பன் அரண்மனையில் வெட்டிச் சாய்த்தார். முதல் ரத்தம் சிந்தியது இந்தப் பக்கம்தான் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் லிஸ்பன் மக்கள் அவர் பின்னால் திரண்டார்கள். பிரபுக்களில் பெரும்பகுதி எதிரே நிற்க, நகரத்தின் கைவினைஞர்களும் வணிகர்களும் அவரைத் தாங்கினார்கள். இழக்க அதிகம் இல்லாத இளைஞனுக்கு இது துணியக்கூடிய பந்தயம் என்று சொல்லலாம். எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. சிறுவயதில் லியோனோரின் பணியில் இருந்தவர் நுனோ; அண்ணன் இருந்த பக்கமே போயிருந்தால் அவருக்குப் பாதுகாப்பும் பதவியும் கிடைத்திருக்கும்.

1384 ஏப்ரல் 6 அன்று அதோலெய்ரோஸ் களத்தில் சகோதரர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். குதிரைகளை விட்டு இறங்கி, ஈட்டிகளை முன்னால் சாய்த்து நிற்கும்படி நுனோ தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். பாய்ந்து வந்த காஸ்தில் குதிரைப்படை சிதறியது. அந்தக் கோடையில் லிஸ்பனை முற்றுகையிட்ட ஹுவானைக் கொள்ளைநோய்தான் திருப்பி அனுப்பியது. சரியாக ஓராண்டு கழித்து, 1385 ஏப்ரல் 6 அன்று, கோயிம்ப்ராவில் கூடிய நாட்டுப் பிரதிநிதிகள் சபை அவிஸ் தலைவரை மன்னராக அறிவித்தது. அரியணை காலியாகவே இருக்கிறது என்று ஒவ்வொரு உரிமையாளரின் குறையையும் அடுக்கி வாதாடியவர் சட்ட அறிஞர் ஜுவாவ் தாஸ் ரெக்ராஸ். புதிய மன்னர் நுனோவை நாட்டின் தலைமைத் தளபதியாக்கினார். ஆகஸ்ட் 14 அன்று அல்ஜுபரோட்டாவில் போரின் போக்கு முடிவானது. காஸ்திலில் கலத்ராவா வீரத்துறவிகள் சபையின் தலைவர் பதவியைப் பெற்றிருந்த பெத்ரோ அங்கே மாண்டார். இன்னொரு சகோதரர் தியோகோவும் அதே பக்கத்தில் உயிரிழந்தார்.

நுனோவுக்குக் கிடைத்தவை ஏராளம். கொல்லப்பட்ட அந்தெய்ரோ வகித்த ஒரெம் பிரபுப் பட்டமே அவருக்கு வந்தது. பார்செலோஸ், அராயோலோஸ் பட்டங்களும் சேர்ந்தன. ஆனால் வென்ற பக்கம் என்பதாலேயே அது பாதுகாப்பான பக்கமாகிவிடவில்லை. 1390களில், தமக்குக் கிடைத்த நிலங்களை நுனோ தம் போர்த்தோழர்களுக்குப் பகிர்ந்தபோது, மன்னர் அவற்றைத் திரும்பப் பெற முனைந்தார். உறவு முறியும் நிலைக்குப் போனது. நுனோ தங்கிவிட்டார். வேறு சிலர் தங்கவில்லை. கோயிம்ப்ராவில் இளவரசர் ஜுவாவுக்காகப் பேசிய மார்த்திம் வாஸ்கெஸ் தா குன்யாவும், அல்ஜுபரோட்டாவில் போர்ச்சுகலுக்காகவே போரிட்ட ஜுவாவ் ஃபெர்னாந்தெஸ் பஷேகோவும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் காஸ்திலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த இருவருக்கும் பேரனான ஹுவான் பச்சேகோ, பின்னாளில் காஸ்திலின் மிகச் செல்வாக்கான பிரபுவானார். 1385இல் எல்லாம் முடிந்துவிட்டது என்பது நமக்குத்தான் தோன்றுகிறது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி மேலும் பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது.

ஆகவே சட்டத்தை அளவுகோலாக வைத்தால் பெத்ரோவின் முடிவே தொடக்கத்தில் சரி. சாந்தரேமுக்குப் பிறகு நுனோவின் முடிவு சரி. குணத்தைப் பார்த்தால் என் மனம் நுனோவிடம் போகிறது. 1423இல், சொத்துகளைத் துறந்து, லிஸ்பனில் தாமே கட்டிய கார்மோ மடத்தில் சாதாரணத் துறவியாகச் சேர்ந்தார். 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

பெத்ரோவைத் துரோகி என்பவர்கள் 1580ஐயும் பார்க்க வேண்டும். அரியணை மீண்டும் காலியானபோது பிரபுக்களில் பெரும்பாலோர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப்பை ஏற்றார்கள். 1581இல் தோமாரில் கூடிய சபையில் அவர் கொடுத்த உறுதிமொழி, போர்ச்சுகல் தனி நாடாகவே இருக்கும் என்பது. சல்வதெர்ராவில் எழுதியதும் ஏறக்குறைய அதேதான். அந்த ஏற்பாடு 60 ஆண்டுகள் நின்றது. 1640இல் அதை முறித்து அரியணை ஏறிய பிரகான்சா கோமகன், நுனோவின் மகள் வழியில் வந்தவர்.