ஓவன்ல வைக்கிற பீன்ஸ், குளிர்கால காய் டிஷ்ஷுக்கு காஞ்ச பீன்ஸா டின் பீன்ஸா?

பீன்ஸ் (பச்சை பீன்ஸ் காய் இல்ல, ராஜ்மா மாதிரி விதை), கூட கேரட், டர்னிப், பரங்கிக்காய், லீக் (வெங்காயத்தாள் மாதிரி தடிச்ச தண்டு)னு குளிர்காலத்துல நல்லா இருக்குற காய், எல்லாம் ஒரே சட்டில தக்காளி சாஸோட ஓவன்ல தளதளன்னு கொதிச்சு, மேல பிரெட் தூள் சிவந்து மொறுமொறுன்னு வரணும். இதுக்கு எந்த பீன்ஸ் எடுக்குறதுங்கறதுல எனக்கு ரொம்ப காலம் இழுபறி. இப்போ முழுசா காஞ்ச பீன்ஸ் பக்கம் சாஞ்சாச்சு, டின் அவசரத்துக்கு மட்டும்தான். அதனால இதுல நடுநிலைமைலாம் எதிர்பாக்காதீங்க.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை சீக்கிரம் முடிச்சிடறேன். டின்ல நேரம் மிச்சம், காஞ்சதுல காசு மிச்சம். காஞ்சதை முந்தின நாளே ஊறப்போட ஞாபகம் இருக்கணும், டின்னுக்கு ஓப்பனர் இருந்தா போதும். அளவு கணக்கு வேணும்னா, 400 கிராம் டின்ன வடிச்சா கிட்டத்தட்ட 240 கிராம் பீன்ஸ் நிக்கும், அது சுமாரா 100 கிராம் காஞ்ச பீன்ஸ் வெந்து வர்ற அளவு. சத்துல பெரிய வித்தியாசம் இல்ல, உப்பு மட்டும் டின்ல தூக்கலா இருக்கும், நல்லா வடிச்சு அலசினா சோடியம் 40 சதவீதம் கிட்ட குறையும்.

சாஸோடவே வர்ற பேக்டு பீன்ஸ் டின்ன நான் போட்டியிலேயே சேக்கல. டோஸ்ட் மேல ஊத்தி சாப்பிட அது சரிதான். ஆனா அதுல ஏற்கனவே சர்க்கரை இருக்கு, பரங்கி, கேரட், பார்ஸ்னிப் (வெள்ளை கேரட் மாதிரி ஒரு கிழங்கு) எல்லாமும் இனிப்பு காய், ரெண்டும் சேர்ந்தா தித்திப்பு தூக்கிடும், புளிப்பு காரம்னு எதைப் போட்டு சரி பண்ணாலும் முழுசா அடங்காது. ஓரத்துல சாஸ் சீக்கிரம் கருகவும் செய்யும்.

ஆக நிஜப் போட்டி, வெறும் உப்புத்தண்ணில வர்ற டின் வெள்ளை பீன்ஸுக்கும் நாமளே வேகவைக்கிற காஞ்ச வெள்ளை பீன்ஸுக்கும்தான். இதுல ருசியை வெச்சு சண்டை போடறவங்க நிறைய, எனக்கு என்னமோ பீன்ஸோட ருசி மட்டும் பாத்தா வித்தியாசம் அவ்ளோ பெருசா தெரியல, தக்காளியும் பூண்டும் தைம்ங்கற வாசனை இலையும் போட்டப்புறம் கண்ணைக் கட்டிக்கிட்டு சாப்பிட்டா கண்டுபிடிப்பேனான்னு சந்தேகம். என்னை மாத்தினது பீன்ஸே இல்ல, அது வெந்த தண்ணி.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லியே ஆகணும். ஓவன்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வைக்கிற ஐட்டம் இது, தண்ணி ஆவியாகிட்டே இருக்கும், மேலாப்புல இருக்குற பீன்ஸ் காய ஆரம்பிக்கும், நடுவுல எதையாவது ஊத்தியே ஆகணும். வெறும் தண்ணி ஊத்தினா சாஸ் நீர்த்துப் போகும், ஸ்டாக் க்யூப் கரைச்சு ஊத்தினா எல்லாமே அந்த க்யூப் வாசனைதான், க்ரீம் ஊத்தினா வேற டிஷ் ஆயிடும். பீன்ஸ் வெந்த தண்ணில மாவுச்சத்து, கொஞ்சம் புரதம், தோல்ல இருந்து கரைஞ்ச பெக்டின் எல்லாம் இறங்கியிருக்கும், அதனாலதான் ஃப்ரிட்ஜ்ல வெச்சா கொழகொழன்னு உறைஞ்சு நிக்குது. இதை ஊத்தி வத்தவிட்டா மைதா, சோள மாவு, க்ரீம் எதுவும் இல்லாமலே சாஸ் கரண்டியோட ஒட்டிக்கிட்டு வரும். வேகவைக்கும்போதே ஒரு வெங்காயம், ரெண்டு பல் பூண்டு, பிரிஞ்சி இலை, ஒரு கரண்டி ஆலிவ் ஆயில் போட்டிருந்தா அந்தத் தண்ணியையே சூப்பா குடிக்கலாம்.

டின்லயும் தண்ணி இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, கெட்டியாவும் இருக்கு. ஆனா அளவு ரொம்ப கம்மி, ரெண்டு டின்ன சேர்த்து ஊத்தினாலும் ஒரு மணி நேர ஓவனுக்குப் பத்தாது, அதோட உப்பு கரிக்கும், சில டின்ல லேசா ஒரு தகர வாடையும் வரும். அதை ஊத்தினா சோடியம் குறையறதுக்காக வடிச்சு அலசுற கதையும் போச்சு. காஞ்ச பீன்ஸ்ல 250 கிராமுக்கு ஒண்ணேகால் லிட்டர் தண்ணி வெச்சா பீன்ஸ் வெந்து முடியும்போது அரை லிட்டருக்கு மேலயே மிஞ்சும், உப்பும் நம்ம கையில. நாலு பேருக்கான சட்டிக்கு, 700 கிராம் போல காயோட, இது தாராளம்.

இந்தத் தண்ணிக்கு இன்னொரு வேலையும் இருக்கு, அதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம். தக்காளியோட புளிப்பு காயையும் பீன்ஸையும் சுலபத்துல மெத்துன்னு ஆகவிடாது, செல்களை ஒட்டி வெச்சிருக்குற பெக்டின் புளிப்புல கரைய மறுக்கும். டர்னிப்பும் கேரட்டும் பச்சையாவே தக்காளி சாஸ்ல போய் விழுந்தா ஓவன்ல ஒரு மணி நேரம் கழிச்சும் நடுவுல கடக்குன்னு இருக்குறது இதனாலதான். ரெண்டு சென்டிமீட்டர் துண்டா வெட்டின காயை முதல்ல அடுப்புலயே இந்த பீன்ஸ் தண்ணில ஒரு பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, பாதி வெந்தப்புறம் வதக்கின வெங்காயம் லீக், தக்காளி, பீன்ஸ் எல்லாம் சேர்த்து ஓவனுக்குள்ள அனுப்பினா பிரச்சனை தீந்துச்சு. காயோட ருசியும் அதே தண்ணிக்குள்ளயே இறங்கும், எதையும் கீழ கொட்ட வேண்டியதில்ல. மூடி போட்டு 160 டிகிரில ஒரு மணி நேரம், அப்புறம் மூடியை எடுத்து எண்ணெய்ல பிசிறின பிரெட் தூள் தூவி 200ல இருபது நிமிஷம். காஞ்ச மாதிரி தெரிஞ்சா நடுவுல மிச்சத் தண்ணியை சூடாவே ஊத்துங்க.

அதே புளிப்பு கணக்குதான் பீன்ஸுக்கும். முழுசா வெந்தப்புறம்தான் தக்காளி, அதுக்கு முன்னாடி கண்ணுல கூட காட்டாதீங்க. உப்பு போட்டா பீன்ஸ் வேகாதுன்னு சொல்றதை நம்பாதீங்க, ஊறவைக்கிற தண்ணிலயே லிட்டருக்கு 15 கிராம் உப்பு போட்டா தோல்ல இருக்குற கால்சியத்தை சோடியம் தள்ளிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும், தோல் மெத்துன்னு ஆகி வெடிக்காம வேகும். (அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணில வேகவைங்க, இல்லன்னா உப்பு கரிச்சிடும்.) உங்க தண்ணி கடின நீரா இருந்தா ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும், ஒரு சிட்டிகைதான், கூடினா பீன்ஸ் மாவாகும், சோப்பு மாதிரி வாடையும் வரும்.

காஞ்ச பீன்ஸோட பலவீனம்னா அது வயசுதான். சூடும் ஈரமும் உள்ள இடத்துல ரொம்ப நாள் கிடந்த பீன்ஸ் எவ்ளோ வேகவெச்சாலும் உள்ள கல்லு மாதிரியே இருக்கும், பாக்கெட்டைப் பாத்து அதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். அதனால நேரம் பாத்து அடுப்பை அணைக்காதீங்க, நாலஞ்சு பீன்ஸை எடுத்து நசுக்கிப் பாத்து எல்லாமே மசிஞ்சாதான் அடுத்த வேலை. டின்ல இந்தத் தலைவலி சுத்தமா கிடையாது, விருந்தாளி வர்ற நாள்ல இது சின்ன விஷயம் இல்ல.

டின்தான் இருக்குன்னா வழியை மாத்திக்கணும், காஞ்சதுக்கு பதிலா டின்னுன்னு அதே ரெசிபில மாத்தி வெச்சா சரி வராது. டின்னுக்குள்ளயே அது பிரஷர்ல முழுசா வெந்து வந்தது, இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் ஓவன்ல இருந்தா பாதி மசியல்தான். காயை மட்டும் தனியா எண்ணெய் உப்பு பிசிறி 220ல முப்பது நாப்பது நிமிஷம் ஓரம் சிவக்க வறுத்துட்டு, அப்புறம் சாஸ், அலசின பீன்ஸ் சேர்த்து இருபது நிமிஷம் மட்டும் உள்ள வைங்க. சாஸுக்குள்ள மூழ்கின காய் நூறு டிகிரிக்கு மேல சூடாகாது, அதனால சிவக்கவும் சிவக்காது, தனியா வறுத்ததுல அந்த சிவந்த ருசி கிடைக்கும். இந்த ஒரு விஷயத்துல டின் வழி என் வழியை ஜெயிக்குதுன்னே சொல்லலாம். சாஸ் மட்டும் கொஞ்சம் தண்ணியா நிக்கும், ஒரு பிடி பீன்ஸை மசிச்சு கலந்தா ஓரளவுக்கு சரியாகும்.

வெள்ளை பீன்ஸுக்கு பதிலா காஞ்ச ராஜ்மா போடறவங்க ஒண்ணு கவனிக்கணும், பச்சை ராஜ்மால இருக்குற லெக்டின்ங்கற ஒரு புரதம் அரைவேக்காட்டுல வாந்தி பேதில கொண்டுபோய் விடும். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணில முதல்ல நல்லா தளதளன்னு அரை மணி நேரம் கொதிக்க விடுங்க. ஊறினதை நேரா ஸ்லோ குக்கர்ல போடறது ஆகவே ஆகாது, அதுல சூடு அந்த அளவுக்கு ஏறாம போகலாம். டின் ராஜ்மாக்கு இந்தக் கவலை இல்ல.

பெரிய பட்டர் பீன்ஸ்ல எனக்கு அனுபவம் கம்மி. செஞ்ச வரைக்கும் தோல் கழண்டு மிதந்துச்சு, நெருப்பு கூடிப்போச்சா பீன்ஸே அப்படியான்னு புரியல, அதுல டின்னே மேலா இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பிரஷர் குக்கர்லயும் ஊறின சின்ன வெள்ளை பீன்ஸ் பத்து நிமிஷத்துல வெந்துடும், என்ன, தண்ணி கலங்கலா வரும், ருசிக்கு ஒண்ணும் குறைவில்ல. மொத்தமா அரைக் கிலோ வேகவெச்சு பாதியை அதோட தண்ணியோடவே டப்பால ஊத்தி ஃப்ரீசர்ல போட்டுட்டா அடுத்த தடவை டின் ஓப்பன் பண்ற நேரம்தான் ஆகும், தண்ணி உறைஞ்சா விரியும், டப்பால மேல ரெண்டு விரல்கடை இடம் விடுங்க.