லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு காணோமா? கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடிப் பக்கம் கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டுமில்லை. என்னைப் போலக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் இப்போது இதைத்தான் வாங்குகிறோம். கொடுக்கிற காசுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு இதில்தான் கிடைக்கிறது. என்னுடையதில் இரண்டு கார்டு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் ஒன்று, தனியாக என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 ஒன்று. இந்த இரண்டாவது கார்டு செத்துவிட்டது என்று சொல்லி ஒரு கடையில் என்னிடம் 6,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம் எடுத்திருந்தேன். பெரிய வீடு, முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஆத்தங்குடித் தரை. அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். விளக்கு வெளிச்சம் விழுந்தால் கலர் சரிசெய்வதற்குள் உயிர் போய்விடும். அந்த வேலைக்கு உட்கார்ந்த அன்று திருப்பூட்டு, அதாவது தாலி கட்டும் காட்சியே திக்கித் திக்கி ஓடியது. எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் ரெண்டர் வழக்கமாக 40 நிமிடத்தில் முடியும், அன்று நாலு மணி நேரம் தாண்டியும் முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் ஜிபியு 0, அதாவது இன்டெல் கார்டு மட்டும் இருக்கிறது. என்விடியாவுக்கான ஜிபியு 1 என்ற வரியே இல்லை.

பதறிப்போய் நம்ம ஊரிலேயே மாடியில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தைக் காட்டினான். இன்டெல் பெயர் மட்டும்தான் இருந்தது.

“பாருங்கண்ணே, கார்டையே எடுக்கல. சிப் போயிருச்சு. ரீபாலிங் பண்ணணும், சிப்பைக் கழட்டி மறுபடி ஒட்டணும்.”

“கார்டை ஓட்டுற சாஃப்ட்வேர், டிரைவர் பிரச்சினையா இருக்குமா தம்பி?”

“டிரைவர்னா பேரு வரும், பக்கத்துல மஞ்சள் முக்கோணம் வரும். இதுல பேரே வரலையேண்ணே.”

இந்தப் பதிலில்தான் விழுந்தேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை. கார்டின் பெயர் இருந்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் உள்ளே ‘கோடு 43’ (Code 43) என்ற பிழை எண்ணும் காட்டினால், டிரைவரிலோ கார்டிலோ கோளாறு என்று தேட ஆரம்பிக்கலாம். கீழ்நோக்கிய அம்புக்குறியும் கோடு 22-ம் இருந்தால், யாரோ அதை டிஸேபிள் செய்திருக்கிறார்கள். பெயரே இல்லை என்றால் சிப் போயிருக்கலாம்தான். ஆனால் கார்டுக்குப் போகிற கரண்டை லேப்டாப்பே நிறுத்தி வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த இரண்டாவதை அவன் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்தே விட்டானா என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: போர்டிலிருந்து கழற்றிய சிப், அடியில் வரிசையாக ஈயக் குண்டுகள், பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு சிப்பின் மேல்புறம். ‘வேலை நடக்குது அண்ணே’ என்று கீழே குறிப்பு. போய் வாங்கினேன், கார்டு வேலை செய்தது, 6,500 ரூபாயைக் கூகுள் பே செய்தேன். பில் கேட்கவில்லை. அது என் முட்டாள்தனம்.

அடுத்த மாதம் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பேட்டரியில் ஒரு ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் ஜிபியு 1 காணோம்! கடைக்காரரே வந்து பார்த்தார். “ரீபாலிங் தாங்கலண்ணே, போர்டையே மாத்திரணும், 28 ஆயிரம் ஆகும்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

தேவகோட்டையில் தெரிந்த தம்பி ஒருவர் சின்னதாக சர்வீஸ் செய்கிறார். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்ட கேள்வி: “சார்ஜர் இல்லாம ரொம்ப நேரம் ஓட்டுனீங்களாண்ணே?” ஓட்டினேன். அவர் கேட்ட பிறகுதான் முதல் தடவையும் நினைவுக்கு வந்தது. கானாடுகாத்தான் வேலைக்கு உட்காரும் இரண்டு நாள் முன்னால் பல்லவன் ரயிலில் சென்னை போனபோது பேட்டரி நிற்கட்டும் என்று, லேப்டாப்போடு வந்த கம்பெனி மென்பொருளில் ஈக்கோ என்பதைத் தட்டியிருந்தேன். கரண்ட் போன அன்றும் அதே வேலை. ஈக்கோவில் போட்டால் அந்த மாடலில் என்விடியா கார்டுக்குக் கரண்டே போகாது. விண்டோஸ் பட்டியலிலிருந்தும் பெயர் மறைந்துவிடும். சார்ஜரைச் செருகினாலும் நாமாக மாற்றும் வரை திரும்பி வராது. தம்பி மறுபடி ஸ்டாண்டர்டில் போட்டு ரீஸ்டார்ட் செய்தார். ஜிபியு 1 வந்து உட்கார்ந்துகொண்டது. டீ ஆறவில்லை.

அப்புறம் நான்தான் கேட்டேன், ரீபாலிங் செய்தார்களா இல்லையா என்று பார்த்துவிடலாமே என்று. பின்மூடியைக் கழற்றினார். ரீபாலிங் என்றால் சிப்பைச் சூடுகாட்டிப் பெயர்த்து, புது ஈயக் குண்டு பதித்து, திரும்ப ஒட்ட வேண்டும். அதற்கு மேலே இருக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைக் கழற்றாமல் முடியாது. கழற்றினால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட் என்ற பசையைத் துடைத்துப் புதிது வைத்தாக வேண்டும். என் ஹீட் சிங்க் ஸ்க்ரூ ஒன்றின் மேல் கம்பெனி ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது, அதன் மேல் இரண்டு வருஷத் தூசி. தம்பி அதைக் கழற்றித் தூக்கியபோது உள்ளே பேஸ்ட் ஓரமெல்லாம் காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி உதிர்ந்தது.

அந்த வாட்ஸ்அப் படத்தையும் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். மேல்புறம் தெரிந்த சிப்பின் முதுகில் எழுத்து என்17பி என்று தொடங்கியது. அது 1050 என்ற பழைய கார்டுக் காலத்துச் சிப். 3050-ல் ஜிஎன்20 என்றுதான் தொடங்கும். திறந்து கிடந்த என் போர்டிலேயே படித்துக் காட்டினார். யாருடைய லேப்டாப் படமோ! சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்ததற்கு 500 ரூபாய் வாங்கினார்.

உங்களுக்கும் இரண்டாவது கார்டு காணாமல் போனால், முதலில் அந்தக் கம்பெனி மென்பொருளில் ஜிபியு மோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஈக்கோ, ஐஜிபியு ஒன்லி (பிராசசருக்குள் இருக்கும் கார்டு மட்டும்) என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் வியூ போய் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்தால், மறைந்த கார்டின் பெயர் மங்கலாகத் தெரியும். கோடு 45 காட்டும். அது கார்டு இப்போது இணைப்பில் இல்லை என்பதற்கான எண், செத்ததற்கான சான்றிதழ் இல்லை. மோடு மாற்றியும் வராவிட்டால் ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சில சமயம் அதிலேயே வந்துவிடும்.

இன்னொன்று, ஜிபியு 1 பட்டியலில் இருந்தும் 0 சதவீதம் காட்டினால் பயப்பட வேண்டாம். வேலை இல்லாதபோது என்விடியா கார்டு தூங்கத்தான் செய்யும். 2010-ல் இரண்டு கார்டையும் தேவைக்கேற்ப மாற்றி ஓட்டும் என்விடியாவின் ஆப்டிமஸ் வந்ததிலிருந்தே அப்படித்தான். வேலை கொடுத்தும் எழுந்திருக்கவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் உங்கள் எடிட்டிங் மென்பொருளுக்கோ கேமுக்கோ ஹை பெர்ஃபார்மன்ஸ் வைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. இவ்வளவும் பார்த்த பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் சிப் வேலையை உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள், சீரியல் நம்பர் போட்டுப் பில் கேளுங்கள்.

நான் படங்களை எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போனேன். ஸ்டிக்கர் கிழியாத ஸ்க்ரூவைக் காட்டினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்றார். காசு? பில் இருக்கிறதா என்று கேட்டார். கூகுள் பே ரசீதைக் காட்டினேன்; அது அவருடைய சொந்த நம்பருக்குப் போனது, கடைக் கணக்கில் வராதாம். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று அவரே கூப்பிட்டார். 6,500 ரூபாயை அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாமாம்.