பிரித்த வண்டி காத்திருக்காத மெக்கானிக் கடை, வேளச்சேரி

சென்னை வேளச்சேரியில், விஜயநகர் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு குறுகிய தெருவிலுள்ள இந்த இருசக்கர வாகனப் பழுதுபார்ப்புக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை சென்றிருக்கிறேன். முன்பு நான் போய்க்கொண்டிருந்த இடத்தில் காலையில் வண்டியை விட்டால், மாலை ஏழு மணிக்கும் "இப்பதான் சார் பிரிச்சிருக்கோம்" என்ற பதிலே கிடைக்கும். இங்கே காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னால், ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

கைவேகம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அருகில் நின்று பார்த்தபோது, பிரேக் ஷூ மாற்ற மற்ற கடைகளில் ஆகும் நேரமே இங்கும் ஆகிறது. பிற இடங்களில் வண்டியைப் பிரித்த பிறகுதான் எந்த ஸ்பேர் வேண்டும் என்பது தெரியவரும். உடனே ஒரு பையன் ஸ்பேர் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ ஓட, அவன் திரும்பும்வரை மெக்கானிக் கைகட்டி நிற்பார். இந்தக் கடையின் உரிமையாளரோ முந்தைய நாளே தொலைபேசியில் வண்டியின் மாடல், ஓடிய கிலோமீட்டர், தெரியும் குறை ஆகியவற்றைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதி, தேவைப்படக்கூடிய கேபிள், பிரேக் ஷூ, ஆயில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்.

நால்வர் நரம்பிசைக் குழுவுக்கு ஒரு படைப்பை வாசிக்க எந்தக் காலத்திலும் அதே நால்வரும் அதே நேரமும் வேண்டும் என்பதைக் காட்டி, சேவைத் தொழில்களில் உற்பத்தித்திறன் உயர்வது கடினம் என்று பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-இல் விளக்கினார்கள். பிரேக் ஷூ மாற்றும் கைக்கு அது பொருந்தலாம். கடை முழுவதற்கும் பொருந்தாது என்பதை இங்கே கண்ணால் பார்த்தேன். அதே மூன்று பேர், முன்பு நாளொன்றுக்கு ஐந்து வண்டிகளை முடித்த இடத்தில் இப்போது எட்டு வண்டிகளை முடிக்கிறார்கள் என்றார் உரிமையாளர். "முன்னாடி ராத்திரி பத்து மணி ஆகும் சார், இப்ப ஏழரைக்கே கிளம்பிடுறோம்" என்று அங்கு வேலை செய்யும் தம்பி சொன்னது எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது.

நாட்டின் மொத்த மதிப்புக் கூட்டலில், அதாவது எல்லாத் துறைகளும் சேர்ந்து உருவாக்கும் மதிப்பில், பாதிக்கும் மேல் சேவைத் துறையிலிருந்து வருகிறது. ஆனால் அந்தத் துறையின் சராசரி உற்பத்தித்திறனை உயர்த்துவது 2000-இல் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா போன்ற இடங்களில் நடக்கும் மென்பொருள் பணியே அன்றி, அதற்குச் சிறிது தொலைவிலுள்ள இத்தகைய கடைகள் அல்ல. உணவு கொண்டு செல்லும் இளைஞர் ஒருவர் வண்டிக்காகக் காத்திருந்து இழக்கும் அரைநாள் வருமானம், பழுதுபார்ப்பின் செலவாக எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இந்தக் கடை அவருக்கு அந்த அரைநாளைத் திருப்பித் தருகிறது.

குறைகளும் உண்டு. என்ஜினைப் பிரிக்கும் பெரிய வேலைகளை எடுப்பதில்லை. வாட்டர் வாஷ் இல்லை. உட்காரவும் நிழல் இல்லை. சனிக்கிழமைக்கான நேரங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், வியாழன் மாலைக்குள் அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது.